நூறு டாலர் துப்பாக்கியின் கணக்கு

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பல துப்பாக்கிக் கடைகளில் ஒரு மரப்பெட்டி மூடி திறந்தபடி கிடக்கும். உள்ளே கரும்பழுப்புப் பசையில் தோய்ந்த நீளமான ரைஃபிள்கள் இருபது. சோவியத் ராணுவத்தின் மொசின்-நாகாந்த் 91/30. விலை நூறு டாலருக்கு முன்பின்னாக இருக்கும். பயனெட், கித்தான் வார், தோட்டாப் பைகள், இரண்டு அறை கொண்ட எண்ணெய்க் குப்பி, துப்புரவுக் கருவிகள் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். அதே கடையின் சுவரில் தொங்கும் சாதாரணப் புது வேட்டைத் துப்பாக்கிக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு கொடுக்க வேண்டும்.

எந்தத் தொழிற்சாலையாலும் இந்த விலைக்கு ஒரு ரைஃபிளைச் செய்து தர முடியாது. குழலைத் துளைத்து, உள்ளே சுருள்வரி வெட்டி, சோதித்துப் பார்க்கும் கூலிக்கே அந்தத் தொகை காணாது. அப்படியானால் மிச்சச் செலவை யார் ஏற்றார்கள்? உபரி ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவோர் துல்லியத்தையும் சேகரிப்பு மதிப்பையும் பேசுகிறார்கள். எனக்கு முதன்மையாகப் படுவது இந்தக் கேள்விதான். கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டில் இருப்பது கப்பல் கூலியும் இறக்குமதியாளர், வியாபாரி ஆகியோரின் லாபமும் மட்டுமே. மற்ற எல்லாவற்றையும் வேறொரு நாட்டு மக்கள், வேறொரு காலத்தில், கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள்.

ஜார் ஆட்சிக்கால ரஷ்யா இந்த ரைஃபிளை 1891ல் ஏற்றுக்கொண்டது. செர்கேய் மொசின் என்ற படை அதிகாரியின் வடிவமும் பெல்ஜியத்தைச் சேர்ந்த லெயோன் நாகாந்தின் வடிவமும் போட்டியிட்டன. பெரும்பகுதி மொசினுடையதும் சில கூறுகள் நாகாந்துடையதுமாக ஒரு துப்பாக்கி உருவானது. தூலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரோரெத்ஸ்க் என்ற மூன்று ரஷ்ய ஆலைகள் அதற்குத் தயாராகும் முன்பே பிரான்சின் ஷாதெல்ரோ ஆலையில் ஐந்து லட்சம் ரைஃபிள்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. முதல் உலகப்போரில் ரஷ்ய ஆலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் போகவே, அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனத்திடம் 15 லட்சமும் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸிடம் 18 லட்சமும் கேட்டார்கள். 1917ல் புரட்சி வந்தது. புதிய ஆட்சி பணம் தர மறுத்தது. அமெரிக்க நிறுவனங்கள் மூழ்கிவிடாமலிருக்க, தேங்கிப்போன சரக்கில் ஏறத்தாழ 2,80,000 ரைஃபிள்களை அமெரிக்க அரசே வாங்கிக்கொண்டது. மிச்சிகன் மாநிலத்து இளைஞர்கள் நிறைந்த 339வது காலாட்படைப் பிரிவு 1918ல் ரஷ்யாவின் வடகோடியில் ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கம் இறக்கப்பட்டபோது அவர்கள் கையில் இருந்தவை இந்த ரைஃபிள்களே. பிறகு அரசின் குடிமக்கள் துப்பாக்கிப் பயிற்சி அலுவலகம் வழியாக அவற்றில் பல பொதுமக்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. ஆக, மொசின்-நாகாந்த் அமெரிக்கச் சந்தைக்கு முதன்முதலாக வந்தது சோவியத் வீழ்ச்சிக்குப் பின்பு அல்ல. ஒரு பேரரசு வீழ்ந்தபோது ஒரு முறையும், அதன் இடத்தில் எழுந்த வல்லரசு வீழ்ந்தபோது இன்னொரு முறையும் வந்தது.

இரண்டாவது வருகையின் சரக்கு 1930ல் திருத்தப்பட்ட 91/30 வகை. 123 செ.மீ. நீளம், 4 கிலோ எடை. பயனெட்டை மாட்டினால் 166 செ.மீ. ஆகிவிடும், சராசரி ஆளின் உயரம். ஜெர்மானியப் படை 1941ல் மாஸ்கோவை நெருங்கியபோது தூலா ஆலையின் இயந்திரங்களைப் பெயர்த்துக் கிழக்கே கொண்டுபோனார்கள். சுமை முழுவதும் இஷெவ்ஸ்க் மீது விழுந்தது. போர் முடிவதற்குள் அந்த ஓர் ஊர் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்ட ரைஃபிள்களையும் குட்டைக் குழல் கார்பைன்களையும் செய்து தள்ளியது. 1942, 1943 ஆண்டு முத்திரை உள்ள துப்பாக்கியின் மேல்பாகத்தைத் தடவிப் பார்த்தால் கடைசல் இயந்திரத்தின் வெட்டுக் கோடுகள் விரலில் நெருடும். மெருகேற்ற நேரமில்லை. ஆனால் தோட்டா வெடிக்கும் அறையிலும், அந்த அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் பூட்டிக்கொள்ளும் இடத்திலும் அந்த அவசரம் தெரியாது. எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. பசியிலும் குளிரிலும் இரவுபகல் ஷிஃப்டுகளில் பெண்களும் பதின்வயதினரும் பெருமளவில் உழைத்த காலம். நூறு டாலர் விலையில் சேராத கூலிகளில் முதன்மையானது அதுதான்.

போர் முடிந்ததும் இந்த ரைஃபிள்கள் காலாவதியாகிவிட்டன, கலாஷ்னிகோவ் வந்துவிட்டது. இருந்தும் சோவியத் அரசு அவற்றை உருக்கவில்லை. 1941ல் ஆயுதமில்லாமல் தவித்த நினைவு அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. அடுத்த பெரும்போர் வந்தால் கோடிக்கணக்கான ஆட்களைத் திரட்ட வேண்டும், அவர்கள் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். எனவே படைக்கலச் சாலைகளில் ஒவ்வொரு துப்பாக்கியையும் பிரித்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, எஃகுக்குக் கருநீலம் பூசி, கட்டைக்குச் செம்பழுப்பு அரக்கு மெழுகி, கெட்டியான பசையில் முக்கி, பெட்டிக்கு இருபதாக அடுக்கி மூடினார்கள். மூன்றாம் உலகப்போருக்கான அந்தப் பெட்டிகள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தன. 1991ல் நாடே இல்லாமல் போயிற்று. காசு இல்லாமல் திண்டாடிய உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் கிடங்குகள் நிறைய பழைய ரைஃபிள் இருந்தது. அமெரிக்காவில் வாங்க ஆள் இருந்தது.

ஆள் இருந்தால் போதாது, சட்டமும் வழிவிட வேண்டும். மலிவு உபரித் துப்பாக்கியின் வரலாற்றில் மிக இருண்ட பக்கம் இங்கேதான் வருகிறது. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட், ‘ஏ. ஹைடெல்’ என்ற பொய்ப் பெயரில், சிகாகோவின் க்ளைன்ஸ் கடைக்கு அஞ்சலில் பணம் அனுப்பினார். இத்தாலிய ராணுவம் கழித்துவிட்ட கார்க்கானோ ரைஃபிள் ஒன்று தொலைநோக்கியோடு 19.95 டாலர், அஞ்சல் செலவோடு 21.45 டாலர். அது டாலஸ் நகரின் ஓர் அஞ்சல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அந்த நவம்பரில் ஜான் கென்னடி அதனால் கொல்லப்பட்டார். ஐந்தாண்டு விவாதத்துக்குப் பிறகு, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968ல்தான், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அஞ்சல் வழி விற்பனை நின்றது. அயல்நாட்டு ராணுவ உபரி இறக்குமதியும் நின்றது. இந்தத் தடையைத் துப்பாக்கிப் பிரியர்கள் இன்றும் குறைசொல்வதுண்டு. முகம் பார்க்காமல், பெயர் சரிபார்க்காமல் போர்க்கருவியை வீட்டுக்கு அனுப்பிய முறை ஒழிந்தது நல்லதென்றே நான் நினைக்கிறேன்.

1984ல் சட்டத்தில் ஒரு கதவு திறந்தது. ஐம்பது ஆண்டு கடந்த, அரும்பொருள் வகையில் சேரும் துப்பாக்கிகளை இறக்குமதி செய்யலாம் என்று திருத்தினார்கள். மொசின்-நாகாந்த் வெள்ளம் அந்த வழியாகத்தான் புகுந்தது. சேகரிப்பாளருக்கென ஒரு தனி உரிமம் உண்டு, மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம். அது உள்ளவருக்கு இந்த வகைத் துப்பாக்கி நேரே வீட்டுக்கே வரும். மற்றவர்கள் உரிமம் பெற்ற கடையில் படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனையில் தேறி வாங்க வேண்டும். இறக்குமதியாளர் தன் பெயரையும் ஊரையும் துப்பாக்கியிலேயே பொறிக்க வேண்டும் என்பதும் சட்டம். குழலின் நுனிப்பக்கத்தில் பொடி எழுத்தில் தெரியும் அந்தப் பொறிப்பு சேகரிப்பாளருக்குப் பிடிக்காது, விலையைக் குறைக்கும்.

பொறிப்புகளை வாசிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் துப்பாக்கி ஒரு கல்வெட்டு. குழலின் அடிப்பகுதியில் முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க், நட்சத்திரம் இருந்தால் தூலா. கீழே ஆண்டு. ஒரு சதுரமும் அதன் குறுக்கே சாய்கோடும் இருந்தால் போருக்குப் பின் பழுதுபார்த்தது என்று பொருள். போல்டில் உள்ள எண் குழலின் எண்ணோடு ஒத்திருக்கும், ஆனால் பல நேரம் அது பிறவிப் பொருத்தமில்லை. பழைய எண்ணை அடித்துவிட்டுக் கிடங்குக்காரர்கள் புது எண் பொறித்திருப்பார்கள். பெட்டி போன்ற சட்டத்துக்குள் ‘எஸ்ஏ’ என்ற இரண்டு எழுத்து தெரிந்தால் அது ஃபின்லாந்து ராணுவத்தின் கைக்குப் போனது. ஃபின்லாந்துக்காரர்கள் ரஷ்யாவிடம் பிடித்த துப்பாக்கிகளின் உடற்பாகத்தை எடுத்துக்கொண்டு, தாங்களே செய்த நல்ல குழலைப் பொருத்திக்கொண்டார்கள். அதனால் அவர்களுடையது எப்போதும் கூடுதல் விலைக்குப் போகும். தொலைநோக்கி பொருத்திய துளைகளை அடைத்திருக்கும் ரைஃபிள் ஒரு காலத்தில் குறிசுடுநர் கையில் இருந்தது. அதற்கும் விலை அதிகம், அதனாலேயே போலியும் அதிகம்.

எந்தப் பொறிப்பும் சொல்லாத ஒன்று உண்டு: அதைப் பிடித்திருந்த ஆள் யார், அவர் உயிரோடு வீடு திரும்பினாரா என்பது. ‘ஸ்டாலின்கிராடு கண்ட துப்பாக்கி’ என்று சொல்லிச் சந்தைகளில் விலை ஏற்றுகிறார்கள். கட்டையில் உள்ள கறை ரத்தம் என்பார்கள். ஆதாரமில்லாத அந்தக் கதைகளுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. அங்கே செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை அது.

வாங்குவதற்குமுன் பார்க்க வேண்டியவை ஆண்டு முத்திரையைவிட முக்கியமானவை. போல்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சுருள்வரிகள் கூர்மையாகத் தெரிந்தால், குழல் கொஞ்சம் கறுத்திருந்தாலும் நன்றாகச் சுடும். அடுத்து வாய். இந்தத் துப்பாக்கிகளின் வாயைக் கெடுத்தது போர் அல்ல, துப்புரவு. படைவீரரின் கருவிப் பையில் எஃகுக் கம்பியோடு, கம்பி குழல்வாயில் உரசாமல் காக்க ஒரு சிறு மூடியும் இருந்தது. மூடி தொலைந்துபோனால் கம்பி ஒரே பக்கமாக உரசி வாயைத் தேய்த்துவிடும். குண்டு குழலை விட்டுக் கிளம்பும் கடைசிக் கணத்தில் எல்லாப் பக்கமும் ஒன்றாக விடுபட வேண்டும், இல்லையென்றால் பாதை சாய்ந்துவிடும். சோதிப்பது சுலபம். போல்ட் கழற்றிய காலித் துப்பாக்கியின் வாயில் ஒரு தோட்டாவைக் குண்டுமுனை கீழாக நுழைத்துப் பார்க்கலாம். உலோகக் கூடு வரை உள்ளே இறங்கிவிட்டால் வாய் அகன்றுவிட்டது, அல்லது பழுதுபார்த்தவர்கள் தேய்ந்த நுனியை உள்ளே அகலத் துளைத்து, நல்ல சுருள்வரி தொடங்கும் இடத்துக்கு வாயைப் பின்தள்ளியிருக்கிறார்கள். முதலாவதை விட்டுவிட வேண்டும். இரண்டாவது பார்க்க அவலட்சணம், ஆனால் பலமுறை நன்றாகவே சுடும்.

மூன்றாவது சோதனை உயிர் சம்பந்தப்பட்டது. போல்ட் பூட்டிய நிலையில் அதன் முகத்துக்கும், தோட்டாவை மேலே போகாமல் அறை தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். கிடங்கில் பாகங்கள் கலந்துவிட்ட துப்பாக்கியில் அது கூடியிருக்கலாம். அளவுமீறிக் கூடினால் தோட்டாக்கூடு பிளந்து, வெடிவாயு முகத்தை நோக்கிப் பின்னால் பாயக்கூடும். துப்பாக்கி மெக்கானிக்கிடம் இதற்கான அளவுகோல் இருக்கிறது, பார்த்துச் சொல்ல அதிக நேரமாகாது. மலிவாக வாங்கியவர்கள் இந்தச் சிறு செலவைத் தவிர்ப்பதைப்போல மடமை வேறில்லை. இன்னொன்றைத் துப்பாக்கியோடு வந்த கருவியே சோதித்துக் கொடுக்கும். அந்தத் தட்டையான திருப்புளியின் ஓரத்தில் 75, 95 என்ற எண்களோடு இரண்டு வெட்டுகள் உண்டு. போல்டின் முகத்தில் வைத்து நகர்த்தும்போது, வெளியே நீட்டிய சுடுமுள் 75 வெட்டில் தட்ட வேண்டும், 95 வெட்டில் தட்டாமல் கடக்க வேண்டும். குறைவாக நீட்டினால் வெடிக்காது, அதிகம் நீட்டினால் தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டியான பிரைமரைத் துளைத்துவிடும். எழுத்தறிவு குறைந்த கிராமத்துப் படைவீரரும் பிழையில்லாமல் அளக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த கருவி. இந்தத் துப்பாக்கியின் மொத்த வடிவமைப்பிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டு வெட்டுகள்தான்.

பசையைக் கழுவி எடுப்பது ஒரு பகல் வேலை. கொதிநீரும் கனிம எண்ணெய்க் கரைப்பானும் தேவைப்படும். வெளியே துடைத்துவிட்டு, தோட்டா அறையை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. சுடச்சுட அந்த மிச்சப் பசை இறுகி, போல்டைத் திறக்க மரச் சுத்தியல் தேவைப்படும். ரஷ்யத் துப்பாக்கி முரடு என்ற பெயருக்குப் பாதிக் காரணம் இந்த மறதி.

தோட்டாவும் அதே கிடங்கிலிருந்து வந்தது. 440 தோட்டாக்கள் கொண்ட சீலிட்ட தகர டின், மரப்பெட்டிக்கு இரண்டு டின், கூடவே அதை வெட்டித் திறக்கும் கத்தி. ஒரு டின்னின் விலை துப்பாக்கியின் விலைக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் ஒரு மாணவராலோ கூலித் தொழிலாளியாலோ வாரந்தோறும் சுட முடிந்தது. ஆனால் அந்த மலிவுக்கு ஒரு வேதியியல் விலை உண்டு. சோவியத் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. கடுங்குளிரிலும் பத்தாண்டுகள் கழித்தும் தவறாமல் தீப்பற்றும் என்பதால் அதை விடாமல் வைத்திருந்தார்கள். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்பின் உறவுக்காரப் பொருள், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரப்பதமான ஊரில் ஓர் இரவு விட்டால் காலையில் குழலுக்குள் செந்துரு. எண்ணெய் உப்பைக் கரைக்காது. உப்பின்மேல் எண்ணெய் பூசினால் துரு உள்ளே தொடரும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா நீர்மம்தான் மருந்து என்று அமெரிக்கர்கள் பலர் நம்புகிறார்கள். உண்மையில் வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர். புனல் வைத்துக் குழல் வழியே வெந்நீரை ஊற்றி, உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுவதே போதும்.

சுடுகளத்திலும் ஒரு தடை இருக்கலாம். அந்த மலிவுத் தோட்டாக்கள் பலவற்றில் குண்டின் நடுவே மென்னெஃகு இருக்கிறது. அது இரும்புப் பலகையைச் சேதப்படுத்தும், பொறி பறக்கும், காய்ந்த புல்லில் தீ மூட்டும். அதனால் பல சுடுகளங்களில் வாசலிலேயே காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சுடும்போது முதலில் உணர்வது தோள். இரும்புத் தகடு அடித்த பின்கட்டை, ரப்பர் எதுவும் இல்லை. குண்டு வினாடிக்கு 860 மீட்டரையொட்டிப் பறக்கும். குட்டையான எம்44 கார்பைனில் எரியாமல் மிஞ்சும் மருந்து வாயில் தீப்பந்தாக வெடித்து, பக்கத்து மேசைக்காரரைத் திடுக்கிட வைக்கும். போல்டின் கைப்பிடி குட்டை, தயங்காமல் ஓங்கித் திறக்க வேண்டும். குண்டு குறியிலிருந்து ஒரு பக்கமாகவும் மேலாகவும் போய் விழுந்தால் துப்பாக்கியைக் குறைசொல்லக் கூடாது. 91/30ஐப் பயனெட் மாட்டிய நிலையில்தான் குறிசரிசெய்தார்கள். அதைக் கழற்றினால் குழல்வாயின் அதிர்வு மாறி, விழும் இடமும் மாறும். முன்குறியை இடவலமாகத் தட்டி நகர்த்தியும், அதன் உயரத்தைச் சற்றுக் கூட்டியும் சரிசெய்யலாம். 100 மீட்டரில் நான்கு குண்டுகள் 15 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தால் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்டது. நல்ல குழல் அதைவிட நெருக்கமாகவே குத்தும். வேட்டைத் துப்பாக்கியின் துல்லியத்தை எதிர்பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார்.

இந்தச் சந்தைக்கு நம் பக்கத்துச் சரக்கும் போயிருக்கிறது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் சீனப் போருக்குப் பின் 1960களில் செய்த 2ஏ1, பழைய லீ-என்ஃபீல்டு வடிவில் 7.62 நேட்டோ தோட்டா சுடும் ரைஃபிள். இந்திய ராணுவம் கழித்துவிட்டபின் அது அமெரிக்கக் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. .303 துப்பாக்கிகளும் போயின. அந்தத் தோட்டாவின் கார்டைட் மருந்தைச் செய்யவே நீலகிரியின் அருவங்காட்டில் வெள்ளையர் ஆலை அமைத்தார்கள். இந்தியக் குடிமகனால் அதே .303ஐ வாங்க முடியாது. ராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற காலனிய கால விதி நம் ஆயுதச் சட்டத்திலும் நிலைத்திருக்கிறது. நம் அரசு ஆலைகள் பொதுமக்களுக்கென .315 என்ற வேறு அளவில் ரைஃபிள் செய்ததற்குக் காரணம் அதுவே. குடிகளுக்குப் பயந்த அரசு போட்ட விதி என்றாலும், விலக்காமல் வைத்திருந்ததில் எனக்கு வருத்தமில்லை.

அமெரிக்காவில் நூறு டாலர் காலம் முடிந்துவிட்டது. துப்பாக்கியில் எதுவும் மாறவில்லை. மாறியது வெளியுலகம். 2014ல் உக்ரைன் விவகாரத்தில் ரஷ்ய ஆயுத நிறுவனங்கள்மீது தடை வந்தது. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு நஞ்சு கொடுத்த விவகாரத்தில், 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களின் புதிய இறக்குமதி அனுமதிகள் நிறுத்தப்பட்டன. பெட்டிகள் காலியாகின, 91/30 முந்நூறு, நானூறு டாலருக்கு ஏறியது. தோட்டா விலையோ வாரந்தோறும் சுடுகிறவரைத் தயங்க வைத்தது. 2022ல் உக்ரைனின் தோனெத்ஸ்க் பகுதியில் ரஷ்யத் தரப்பு வலுக்கட்டாயமாகப் படைக்குச் சேர்த்த ஆட்கள் மொசின்-நாகாந்துகளோடு நிற்கும் படங்கள் வெளிவந்தன. கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர் சுவரில் மாட்டிவைத்திருந்த அதே வகை ரைஃபிளோடு, பீரங்கிகளும் டிரோன்களும் நிறைந்த களத்துக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள்.